சிங்கம் பார்க்கப் போன மாணவர்களுக்கு மாடு நடத்தும் பாடம்! மசாய் மாராவில் ஒரு பள்ளிச் சுற்றுலா

கென்யாவின் தலைநகர் நைரோபியிலிருந்து மசாய் மாராவுக்குச் சாலை வழியாகப் போக ஐந்தாறு மணி நேரம் ஆகும். ஊரைத் தாண்டிய ஒரு மணி நேரத்தில், சாலையின் ஒரு பக்கம் தரை சட்டென்று கீழே இறங்கிவிடும். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பள்ளத்தாக்கு. அதுதான் 'கிரேட் ரிஃப்ட் வேலி'. ஆப்பிரிக்கக் கண்டம் மெல்ல மெல்லப் பிளந்துகொண்டிருக்கும் இடம். புவியியல் புத்தகத்தில் ஒரு பத்தியாகப் படித்ததை மாணவர்கள் நேரில் பார்க்க, வேன்கள் இங்கே ஓரம்கட்டி நிற்கும்.

கீழே இறங்கினால் மாய் மஹியூ. சாலையோரத்தில் ஒரு குட்டித் தேவாலயம். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், இந்தச் சாலையைப் போட்ட இத்தாலியப் போர்க்கைதிகள் கட்டியது. பிறகு நாரோக் நகரம். கடைசி பெட்ரோல் பங்க், கடைசி டீக்கடை எல்லாம் இங்கேதான். அதைத் தாண்டினால் புல்வெளியும், குடை விரித்தாற்போல் நிற்கும் வேல மரங்களும், சிவப்புப் போர்வை போர்த்தி மாடு ஓட்டிப் போகும் மனிதர்களும்தான்.

கோடை விடுமுறை மாதங்களில் இந்தச் சாலையில் போகும் வேன்கள் பலவற்றில் பள்ளி மாணவர்கள் இருப்பார்கள். வெளிநாட்டுப் பள்ளிகள் 'கல்விச் சுற்றுலா' என்று அழைத்துவருகிற கூட்டம் அது. பயணத் திட்டத்தில் இரண்டு விஷயங்கள் தவறாமல் இருக்கும். ஒன்று, வனவிலங்குகள். இன்னொன்று, மசாய் கலாசாரம். முதலாவதுக்கு மூன்று நாள், இரண்டாவதுக்கு ஒரு மாலை நேரம் என்று பல திட்டங்கள் பிரித்துவைத்திருக்கும். ஆனால், மாராவில் இந்த இரண்டையும் அப்படிப் பிரிக்கவே முடியாது. அதைப் புரிந்துகொண்டு திரும்பும் மாணவர்களுக்குத்தான் இந்தப் பயணம் உண்மையிலேயே கல்விச் சுற்றுலா.

பதினொரு வயதுப் பையனின் கண்டுபிடிப்பு

முதல் வகுப்பு நைரோபியிலேயே தொடங்கிவிடுகிறது. ஊரை ஒட்டியே நைரோபி தேசியப் பூங்கா இருக்கிறது. 1946-ல் அறிவிக்கப்பட்ட, கென்யாவின் முதல் தேசியப் பூங்கா. பரப்பு 117 சதுர கிலோமீட்டர். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்துக்குப் பின்னால் அடுக்குமாடிக் கட்டடங்கள் தெரிகிற புகைப்படங்களைப் பார்த்திருப்பீர்களே, அவை எடுக்கப்பட்ட இடம் இதுதான்.

இந்தப் பூங்காவுக்கு நகரத்தின் பக்கம் வேலி உண்டு. தெற்குப் பக்கம் திறந்தவெளி. அந்த வழியாக வரிக்குதிரைகள் கிட்டெங்கெலா சமவெளிக்கு மேயப் போகும். அவற்றின் பின்னாலேயே சிங்கங்களும் போகும். அங்கே மசாய் குடும்பங்களின் மாட்டுப் பட்டிகள் இருக்கின்றன. சிங்கம் மாட்டை அடிக்கும். கோபத்தில் மனிதர்கள் சிங்கத்தைக் கொல்வார்கள்.

ரிச்சர்ட் டுரேரே அப்படி ஒரு குடும்பத்துப் பையன். வீட்டு மாடுகளைக் காக்கும் பொறுப்பு அவனுடையது. முதலில் தீ வைத்துப் பார்த்தான். அந்த வெளிச்சம் சிங்கத்துக்கு வழிகாட்டியதுதான் மிச்சம். சோளக்கொல்லை பொம்மை மாதிரி ஒன்றை நட்டான். முதல் நாள் பயந்த சிங்கம், மறுநாள் கண்டுகொள்ளவே இல்லை. ஒருநாள் இரவு டார்ச்சை எடுத்துக்கொண்டு பட்டியைச் சுற்றி நடந்தான். அன்று சிங்கம் வரவில்லை. அசையும் வெளிச்சத்துக்குத்தான் சிங்கம் பயப்படுகிறது என்று அவனுக்குப் புரிந்தது. பழைய கார் பேட்டரி, மோட்டார் சைக்கிளின் இண்டிகேட்டர், உடைந்த டார்ச்சின் பல்புகள், ஒரு சோலார் பேனல். இவற்றைச் சேர்த்து, விட்டுவிட்டு எரியும் விளக்குகளைப் பட்டியைச் சுற்றிப் பொருத்தினான். யாரோ காவல் சுற்றுகிறார்கள் என்று சிங்கம் நினைத்துக்கொண்டது. அப்போது அவனுக்கு வயது 11. 2013-ல் டெட் மேடையில் ஏறி அவன் இதைச் சொன்னபோது உலகமே கேட்டது.

சுற்றுலா வருகிற மாணவர்களில் பலர் அந்தப் பையனைவிட வயதில் பெரியவர்கள். மசாய் என்றால் ஈட்டியும் நடனமும்தான் என்ற எண்ணத்தோடு விமானம் ஏறியவர்களுக்கு, இது நல்ல ஆரம்பம்.

வேலி இல்லாத காடு

மசாய் மாரா தேசியக் காப்பகத்தின் பரப்பு சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். தெற்கே எல்லை தாண்டினால் தான்சானியாவின் செரங்கெட்டி. மனிதர்களுக்குத்தான் அது இரண்டு நாடு. விலங்குகளுக்கு ஒரே புல்வெளி. 'மாரா' என்றால் மசாய் மக்களின் மா மொழியில் 'புள்ளி புள்ளியானது' என்று பொருள். மேட்டில் நின்று பார்த்தால் பெயரின் காரணம் தெரியும். வெளிறிய புல்வெளியில் மரமும் புதரும் மேகங்களின் நிழலும் புள்ளி வைத்ததுபோல் இருக்கும்.

மழையையும் புல்லையும் தேடிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்கள் ஆண்டு முழுவதும் இந்தப் பரப்பைச் சுற்றிவருகின்றன. கூடவே லட்சக்கணக்கில் வரிக்குதிரைகளும் சிறுமான்களும். ஆண்டின் தொடக்கத்தில் தெற்கு செரங்கெட்டியில் கன்று ஈனும். ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா பக்கம் இருக்கும். நடுவில் மாரா ஆற்றைக் கடக்க வேண்டும். ஆற்றில் முதலைகள் காத்திருக்கும். கரையில் ஆயிரக்கணக்கில் கூடி நின்று, தயங்கி, ஒன்று குதித்ததும் மொத்தமும் குதிக்கிற அந்தக் காட்சிக்காகத்தான் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

இவ்வளவு விலங்குகள் இங்கே மட்டும் எப்படி மிஞ்சின? இந்தக் கேள்வியை வழிகாட்டியிடம் கேட்கும் மாணவருக்குக் கிடைக்கும் பதில் முக்கியமானது. மசாய் மக்கள் மாடு வளர்ப்பவர்கள். பால், இறைச்சி எல்லாம் தங்கள் மந்தையிலிருந்தே. காட்டு விலங்கை அடித்துச் சாப்பிடுவது அவர்கள் மரபில் மதிப்பான காரியம் இல்லை. ஒரே இடத்தில் தங்கி நிலத்தை உழாமல், பருவத்துக்கு ஏற்ப மந்தையோடு இடம் மாறினார்கள். அதனால் புல்வெளி புல்வெளியாகவே இருந்தது. மாடு மேய்ந்த நிலத்திலேயே வரிக்குதிரையும் மேய்ந்தது.

சிங்கத்தோடு மட்டும் கணக்கு வேறாக இருந்தது. இளைஞர்கள் தங்கள் வீரத்தைக் காட்டச் சிங்க வேட்டைக்குப் போனது உண்மை. கென்யா 1977-ல் வேட்டையைத் தடை செய்தது. அம்போசெலி பகுதியில் 2012-ல் 'மசாய் ஒலிம்பிக்ஸ்' என்று ஒரு விளையாட்டுப் போட்டி தொடங்கியது. ஓட்டம், உயரம் தாண்டுதல், ஈட்டி எறிதல், தடி எறிதல். வீரத்தை இனி இங்கே காட்டுங்கள் என்பதுதான் ஏற்பாடு. 800 மீட்டர் ஓட்டத்தில் 1 நிமிடம் 40.91 விநாடிகளில் ஓடி உலக சாதனை படைத்த டேவிட் ருடிஷா, ஒரு மசாய். அந்தப் போட்டிக்கு ஆதரவாக நிற்பவர்களில் அவரும் ஒருவர்.

வீடு கட்டுவது பெண்கள்

மசாய் குடும்பங்கள் சேர்ந்து வாழும் குடியிருப்புக்கு 'எங்காங்' என்று பெயர். சுற்றுலாப் பயணிகள் எல்லாவற்றையும் 'மன்யாட்டா' என்று சொல்லிவிடுகிறார்கள். அது உண்மையில் இளம் வீரர்கள் தங்கும் குடியிருப்பின் பெயர். எங்காங்கைச் சுற்றி முள்வேலி. வட்டமாக வீடுகள். நடுவில் மாட்டுப் பட்டி. ராத்திரியில் ஊரே மாடுகளைச் சுற்றிப் படுத்திருக்கும்.

இந்த வீடுகளைக் கட்டுவது பெண்கள். குச்சிகளை நட்டு, பின்னி, மண்ணும் சாணமும் குழைத்துப் பூசுகிறார்கள். மழையில் கூரை ஒழுகினால் மறுபடி மெழுகுவதும் அவர்கள்தான். உயரம் குறைவு. உள்ளே குனிந்துதான் போக வேண்டும். ஜன்னல் என்று பார்த்தால் கையளவுக்கு ஓர் ஓட்டை. நடுவில் அடுப்பு, புகை, ஓரத்தில் கன்றுக்குட்டி கட்டும் இடம். இருட்டுக்குக் கண் பழகச் சில நிமிடம் ஆகும்.

பால் ஊற்றிவைக்கச் சுரைக்குடுவை. காட்டு ஒலிவ மரக் குச்சியைக் கொளுத்தி, அந்தத் தணலால் குடுவையின் உட்புறத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்கிறார்கள். பாலுக்கு லேசாகப் புகை வாசம் வரும், சீக்கிரம் கெடவும் கெடாது. ஃபிரிட்ஜ் இல்லாத ஊரின் உணவு அறிவியல்!

பெரியவரைப் பார்த்தால் சிறுவர்கள் தலையைக் குனிந்து நிற்பார்கள். அவர் தலையில் கை வைத்து வணக்கம் சொல்வார். 'சூபா' என்று ஒருவர் சொன்னால் 'இபா' என்று மற்றவர் சொல்ல வேண்டும். இந்த இரண்டு வார்த்தைகளோடு ஊருக்குள் போகும் மாணவனுக்குக் கிடைக்கும் வரவேற்பே தனி.

சுற்றுலா வந்தவர்களுக்கு முன்னால் இளைஞர்கள் எகிறிக் குதித்து ஆடுவார்கள். 'அடுமு' என்கிற அந்த ஆட்டம் சுற்றுலாவுக்காகப் பிறந்தது அல்ல. இளம் வீரர்கள் பெரியவர்கள் ஆகும் 'எயுனோட்டோ' சடங்கோடு சேர்ந்தது. ஆண்களின் வாழ்க்கைப் படிகளைக் குறிக்கும் மூன்று மசாய் சடங்குகளை 2018-ல் யுனெஸ்கோ, அவசரமாகக் காப்பாற்ற வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. எயுனோட்டோ அதில் ஒன்று.

மாடு இவர்களுக்கு என்ன என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் இடிந்தபோது, கிமெலி நையோமா என்ற மசாய் மாணவர் அந்த நகரத்தில் இருந்தார். பிறகு தன் ஊரான எனோசேனுக்குத் திரும்பியபோது, பார்த்ததைப் பெரியவர்களிடம் சொன்னார். 2002-ல் அந்த ஊர் மக்கள் கூடி, துக்கத்தில் இருந்த அமெரிக்க மக்களுக்கு 14 பசுக்களைத் தானமாகக் கொடுத்தார்கள். ஆறுதல் சொல்ல, தங்களிடம் இருந்ததிலேயே மேலானதைக் கொடுத்தார்கள்.

யாருடைய நிலம்?

ஊரைப் பார்த்தாயிற்று, காட்டைப் பார்த்தாயிற்று. இனி வகுப்பின் கடினமான பாடம். இந்த நிலம் யாருடையது?

பிரிட்டிஷ் ஆட்சியில், 1904-ல், மசாய் தலைவர்களோடு ஓர் ஒப்பந்தம் போடப்பட்டது. வளமான ரிஃப்ட் வேலி மேய்ச்சல் நிலத்தை வெள்ளைக்காரக் குடியேறிகளுக்கு விட்டுவிட்டு, லைகிப்பியாவிலும் தெற்கிலுமாக இரண்டு பகுதிகளுக்குப் போக வேண்டும். மசாய் இனம் இருக்கும்வரை அந்த ஒதுக்கீடு நிலைக்கும் என்று வாக்குக் கொடுத்தார்கள். ஏழே வருடத்தில், 1911-ல், இன்னோர் ஒப்பந்தம். லைகிப்பியாவையும் காலி செய்து எல்லோரும் தெற்கே போகச் சொன்னார்கள். மசாய் மக்கள் 1913-ல் நீதிமன்றம் போனார்கள். இது இரண்டு அரசுகளுக்கு இடையிலான உடன்படிக்கை, இதை இந்த நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள். பள்ளி மாணவர்கள் விவாத மேடைக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது.

அதன்பின் 1961-ல் மாராவில் வனவிலங்குகளுக்காக நிலம் ஒதுக்கப்பட்டது. இன்றைய விதிப்படி, காப்பகத்துக்குள் மாடு மேய்க்கக் கூடாது. வெளியே இருந்த மேய்ச்சல் நிலங்கள் 1968-ம் ஆண்டுச் சட்டத்தின்படி கூட்டுப் பண்ணைகளாகப் பதிவாயின. பிற்பாடு அவையும் தனித்தனிக் குடும்பங்களுக்குத் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டன. கையில் பட்டா வந்ததும் சிலர் வேலி போட்டார்கள். வேலி வந்தால் வரிக்குதிரைக்கு வழி இல்லை, பக்கத்து வீட்டு மாட்டுக்கும் வழி இல்லை.

இதற்கு மசாய் குடும்பங்கள் கண்டுபிடித்த வழிதான் 'கன்சர்வன்சி'. பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் வேலியை எடுத்துவிட்டு நிலத்தை ஒன்றாகச் சேர்க்கிறார்கள். சுற்றுலா விடுதிகள் அந்த நிலத்துக்கு ஏக்கர் கணக்கில் குத்தகைப் பணம் கொடுக்கின்றன. விடுதிகளின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு உண்டு. மாடுகளும் முறை வைத்து மேயலாம். காப்பகத்தின் வடகிழக்கே உள்ள மாரா நபோய்ஷோ கன்சர்வன்சி, 2010-ல் 500-க்கும் மேற்பட்ட மசாய் குடும்பங்கள் சேர்ந்து உருவாக்கியது. 'நபோய்ஷோ' என்றால் மா மொழியில் 'ஒன்றுசேர்தல்'.

குத்தகைப் பணம் மாதாமாதம் வருகிறவரை, சிங்கம் உயிரோடு இருப்பதில் மாட்டுக்காரருக்கும் லாபம். ஆனால், 2020-ல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது, இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று தெரிந்தது. பயணிகள் இல்லை, விடுதிகள் மூடின, குத்தகை குறைந்தது. மேய்ச்சலும் இல்லாமல் வருமானமும் இல்லாமல் நிலத்தை விலங்குக்காக விட்டுவைக்க யாரால் முடியும்? அதே ஆண்டின் கடைசியில் தொடங்கி 2022 வரை, கென்யாவின் பல பகுதிகளில் தொடர்ந்து மழை பொய்த்து ஏராளமான கால்நடைகள் மடிந்தன.

மாணவர் கட்டும் சுற்றுலாக் கட்டணத்தில் ஒரு பகுதி இந்த நிலக்காரர்களிடம் போய்ச் சேர்கிறதா என்பது, அதனால்தான், சிங்கத்தின் உயிரையே பொறுத்த கேள்வி.

வேடிக்கையா, பழக்கமா?

ஒரு மணி நேரக் கிராம விசிட் எப்படி இருக்கும்? வேன் நிற்கும். நடனம், நெருப்பு மூட்டிக் காட்டுதல், ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தல், பாசிமணி விற்பனை, செல்ஃபி, டாட்டா. பார்த்தவர்களுக்கும் ஆடியவர்களுக்கும் ஒருவர் பெயர்கூட மற்றவருக்குத் தெரியாது. தெரியாத யாரோ முப்பது பேர் நம் வீட்டு அடுப்படிக்குள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்று மாணவர்களை யோசிக்கச் சொன்னாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

நல்ல திட்டங்கள் வேறு மாதிரி இருக்கின்றன. ஒரு நாள் முழுக்க ஒரே குடும்பத்தோடு. காலையில் பால் கறப்பதைப் பார்த்து, தண்ணீர் எடுக்கப் போகும் பெண்களோடு கேனைத் தூக்கிக்கொண்டு நடந்து, மந்தையோடு மேய்ச்சலுக்குப் போய் வருவது. கேனைத் தூக்கி நடந்த மாணவி, ஊர் திரும்பியபின் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்க மாட்டாள்.

வழிகாட்டி யார் என்பதும் முக்கியம். மாராவில் 2005-ல் கொய்யாக்கி வழிகாட்டிப் பள்ளி தொடங்கப்பட்டது. மாடு மேய்த்து வளர்ந்த மசாய் இளைஞர்களும் இளம்பெண்களும் அங்கே பறவை, தடம், தாவரம், சூழலியல் எல்லாம் படித்துத் தொழில்முறை வழிகாட்டிகள் ஆகிறார்கள். புல்லில் கிடக்கும் எச்சத்தை வைத்துக் கழுதைப்புலி எப்போது போனது என்று சொல்லும் ஒருவரிடம் உயிரியல் படிப்பது, எந்த மாணவருக்கும் மறக்காது.

எல்லாமே அழகு என்று சொல்லிக்கொடுப்பதும் சரியாகாது. எனோசேன் ஊரில் பிறந்த ககேன்யா இந்தாயாவின் கதை அதற்குச் சாட்சி. சிறுவயதிலேயே அவருக்குக் கல்யாணம் நிச்சயிக்கப்பட்டது. பெண்களுக்குச் செய்யும் உறுப்புச் சிதைப்புச் சடங்குக்கு உட்படுவதாகவும், அதற்குப் பதிலாகத் தன்னைப் பள்ளிக்குத் தொடர்ந்து அனுப்ப வேண்டும் என்றும் அப்பாவிடம் பேரம் பேசினார். பின்னாளில் ஊரே பணம் திரட்டி அவரை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பியது. திரும்பி வந்து 2009-ல் அதே ஊரில் பெண்களுக்கான பள்ளியைத் திறந்தார். அந்தச் சடங்குக்கு எதிராகக் கென்யா 2011-ல் சட்டம் கொண்டுவந்தது. தன் கலாசாரத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று உள்ளேயிருந்தே பேசிய பெண் அவர். வெளியிலிருந்து வந்து தீர்ப்புச் சொல்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பதினைந்து வயதில் புரிந்துகொள்வது பெரிய படிப்பு.

உள்ளூர்ப் பள்ளிக்குப் போகும் மாணவர்கள், மிட்டாயும் பேனாவும் கொடுத்துவிட்டு வந்தால் அது தானம். உட்கார்ந்து பேசினால் அது நட்பு. அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கும் கேள்விகள் இருக்கும். 'உங்கள் வீட்டில் எத்தனை மாடு?' என்பது அநேகமாக முதல் கேள்வியாக இருக்கும். 'ஒன்றுகூட இல்லை' என்று சொல்லும்போது, அவர்கள் முகத்தில் ஒரு பரிதாபம் தெரியும். அந்த ஒரு நிமிடம், யார் ஏழை, யார் பணக்காரர் என்ற கணக்கு தலைகீழாக மாறும்.

பிள்ளைகளை அனுப்பும் முன்...

* பயண நிறுவனத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். கிராமத்துக்குக் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது? வழிகாட்டி உள்ளூர்க்காரரா? தங்கும் இடம் நிலக்காரர்களுக்குக் குத்தகை கொடுக்கிறதா?

* இந்தியாவிலிருந்து போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் சிக்கல். மலேரியா மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

* கென்யா 2017-லேயே பிளாஸ்டிக் கைப்பைகளைத் தடை செய்துவிட்டது. 2020 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பாட்டில்களைத் தேசியப் பூங்காக்களுக்குள் கொண்டுபோக முடியாது. ஸ்டீல் பாட்டில் எடுத்துச் செல்லுங்கள்.

* கறுப்பு, கருநீல உடைகள் வேண்டாம். அந்த நிறங்கள் ட்செட்ஸே ஈக்களை இழுக்கும். ராணுவ உடை மாதிரியான டிசைன் அணிவது அங்கே சட்டப்படி குற்றம். விடியற்காலை சஃபாரிக்கு ஸ்வெட்டர் அவசியம்.

* சிங்கத்தைச் சுற்றி ஏற்கெனவே ஐந்து வண்டிகள் நின்றால், காத்திருப்பதுதான் விதி. இன்னும் கிட்டப் போகச் சொல்லி டிரைவரை நச்சரிக்க வேண்டாம்.

* யாரையும் படம் எடுக்கும் முன் கேளுங்கள். 'வேண்டாம்' என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள். பாசிமணி வாங்கும்போது, அதைக் கோத்த பெண்ணிடமே வாங்குங்கள். சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அர்த்தம் உண்டு. அதையும் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

* கிளம்பும்போது 'ஆஷே ஓலெங்' என்று சொல்ல மறக்காதீர்கள். மா மொழியில் 'ரொம்ப நன்றி'!